அட்டை கொடுத்தால் தேர்வு வந்துவிடுமா?

"அரசு எதற்காக ஆஸ்பத்திரி நடத்த வேண்டும்? வீட்டுக்கு ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்துவிட்டால், எங்கே போய்ப் பார்ப்பது என்பதை மக்களே முடிவு செய்துகொள்வார்கள்." தொலைக்காட்சி விவாதங்களிலும் நாளிதழ்களின் நடுப்பக்கங்களிலும் கேட்டுக்கொண்டிருந்த இந்தப் பேச்சு இப்போது டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டது. பொருளாதாரம் படித்தவரும் இதைச் சொல்கிறார், பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று நொந்துபோனவரும் சொல்கிறார். கருத்து தவறு என்பதோடு நான் நிறுத்தப்போவதில்லை. இது நடைமுறைக்கு வந்தால், நோயாளிக்கு இன்று இருக்கிற தேர்வும் பறிபோகும்.

முதலில் அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு எடுத்துவைக்கிறேன். அரசு மருத்துவர் நோயாளியை நன்றாகப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதச் சம்பளம் வந்துவிடும். பட்ஜெட் பணம் கட்டடத்துக்கும் பதவிகளுக்கும் போகிறது. நோயாளி எங்கே போகிறாரோ அங்கே போவதில்லை. அந்தப் பணத்தை அட்டையாக்கி நோயாளி கையில் கொடுத்தால் மருத்துவமனைகள் அவரைத் தேடி வரும். மோசமாக நடத்தும் இடத்தை அவர் விட்டு விலகுவார். போட்டியில் தரம் ஏறும், விலை இறங்கும். பணம் இருப்பவருக்கு மட்டும் வாய்த்திருக்கிற தேர்வு ஏழைக்கும் வாய்க்கும். அரசு நடுவராக இருந்து விதிகளை மட்டும் கவனித்தால் போதும்.

வெறும் வாதமாக இல்லாமல், அவர்கள் கையில் சான்றுகளும் இருக்கின்றன. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, இந்தியாவில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் கிராமப்புறத்தில் பாதிக்கு மேலும், நகர்ப்புறத்தில் ஐந்தில் மூன்று பங்கும் தனியாரிடம் போயிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பி நடத்திய ஆய்வில், ஒரே மருத்துவர் அரசு மருத்துவமனையில் காட்டியதைவிடத் தன் சொந்த கிளினிக்கில் கூடுதல் நேரமும் அக்கறையும் காட்டினார் என்று தெரியவந்தது. இங்கிலாந்தில் நோயாளிக்கு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்தபின் உயிரிழப்பு குறைந்தது என்றும் ஆய்வு உண்டு. இவற்றில் எதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. இவற்றிலிருந்து அவர்கள் எடுக்கிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. நோயாளி எதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்?

அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் மருத்துவப் பொருளாதாரம் என்ற துறையே தொடங்கியது என்பார்கள். சந்தையின் திறனைக் கணித முறையில் நிறுவி, பின்னாளில் நோபல் பரிசும் பெற்றவர் அவர். மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றதில்லை என்று அவரே சொன்னார். தனக்கு என்ன வேண்டும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. அதைச் சொல்கிறவர் விற்கிறவர். வாங்கியபின்னும் அது தேவைப்பட்டதா என்று தெரியாது. அறுபது ஆண்டுகளாக இதற்கு நேரான பதிலை யாரும் சொல்லவில்லை; சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

ஏட்டில் இருப்பதை விடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத் தலைநகரில், ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ. வாசலில் நான் நின்றிருந்தேன். உள்ளே சித்தப்பாவுக்கு மாரடைப்பு. இரவு பதினொன்றரை மணி இருக்கும். இளம் மருத்துவர் ஒருவர் படிவத்தோடு வெளியே வந்தார். "ரெண்டு ஸ்டென்ட் போடணும்மா. இம்போர்ட்டட்னா ஒண்ணே ஒரு லட்சத்துக்கு மேல ஆகும். இண்டியன்னா கொஞ்சம் கம்மி. நீங்கதான் முடிவு பண்ணணும்." சித்தி கையில் செல்போன், தோளில் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த துணிப்பை. "எது சார் நல்லது?" என்று கேட்டார். "இம்போர்ட்டட் நல்லாருக்கும். ஆனா சாய்ஸ் உங்களுதுதான்." புருஷன் நெஞ்சுக்குள் வைக்கிற சாமானில் விலை குறைந்ததைக் கொடுங்கள் என்று எந்தப் பெண் சொல்வார்? சித்தி கையெழுத்துப் போட்டார். சட்டப்படி அது முழுமையான தேர்வு. விலை சொன்னார்கள், மாற்று சொன்னார்கள், ஒப்புதல் வாங்கினார்கள். விடிந்ததும் நகை அடகுக்கடைக்குப் போனது.

அந்த ஸ்டென்டின் உண்மை விலை 2017இல்தான் நாட்டுக்குத் தெரிந்தது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்குகளைத் திரட்டி வெளியிட்டபோது, மருத்துவமனைகள் ஸ்டென்டுக்கு வைத்த லாபம் சில இடங்களில் 654 சதவீதம் வரை போயிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆணையம் உச்சவிலை அறிவித்தது: சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த சாமான் ஒரே உத்தரவில் கால்பங்குக்குக் கீழே இறங்கியது.

அதற்கு முன் போட்டி இல்லாமலா இருந்தது? எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ மருத்துவமனைகள், தேர்வுக்குப் பஞ்சமே இல்லை. போட்டி இருந்தும் விலை ஏன் ஏறியது? கம்பெனிகள் போட்டி போட்டது மருத்துவமனையின் ஆர்டரைப் பிடிக்க. எந்தச் சாமானில் லாபம் அதிகமோ அதை மருத்துவமனை வாங்கும். அதனால் அட்டைப்பெட்டியில் அச்சிடும் எம்.ஆர்.பி. ஏற ஏற வியாபாரம் பெருகியது. நோயாளி சாராத போட்டி நோயாளிக்கு எதிராகத்தான் திரும்பும். உச்சவிலை வந்ததும் சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் விலையுயர்ந்த வகைகளை இந்தியச் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. நாடு ஸ்டென்ட் இல்லாமல் தவிக்கும் என்ற பயமுறுத்தலும் எழுந்தது. நாடு தவிக்கவில்லை.

"மற்றக் கட்டணங்களை ஏற்றி மருத்துவமனைகள் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டனவே" என்பார்கள். சில இடங்களில் நடந்ததுதான். ஒரு சாமானின் விலையை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது என்று அது காட்டுகிறது. கட்டுப்பாடே கூடாது என்று எப்படிக் காட்டும்?

சாலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவரின் தேர்வு என்ன? தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று கேட்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் அதில் இருக்கின்றன. அங்கே நோயாளி எதையும் தேர்வு செய்வதில்லை. உயிர் பிழைக்கிறார், பிழைத்தபின் தேர்வு செய்வதற்கு அவருக்கு ஒரு வாழ்க்கை மிச்சமிருக்கிறது.

2. அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது?

2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தருகிறது. 2009இல் கலைஞர் காப்பீடாகப் பிறந்து, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாக மாறிய தமிழ்நாட்டுத் திட்டமும் அதோடு இணைந்துவிட்டது. ஐந்து லட்சம் என்பது பெரிய தொகை. ஆனால் அது உள்நோயாளியாகப் படுத்தவருக்கு. ஓ.பி. சீட்டுக்கு அட்டை செல்லாது. மாதாமாதம் வாங்குகிற சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் செல்லாது. ஏழைக் குடும்பத்தைக் கரைக்கிற செலவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒரு தடவை வந்து போகிற ஆபரேஷனைவிட, சாகும்வரை வந்துகொண்டே இருக்கிற மருந்துச் சீட்டு பெரிய சுமை.

ஆக, அட்டை தருகிற தேர்வு இப்படி இருக்கிறது: சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவி கிடையாது; கிட்னி போனபின் எந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்வது என்பதில் முழு உரிமை உண்டு. இதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மருந்து கவுண்டரில் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, முதியோருக்குத் தனி ஜன்னல். கசங்கிய சர்க்கரை நோட்டை நீட்டுகிறார் ஒரு பாட்டி. மருந்தாளுநர் பட்டையை எண்ணிக் கிழித்துப் போடுகிறார். "இது காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி, இது நைட்டு. போன மாசம் வரலியே பாட்டி?" ஒரு பைசா கைமாறுவதில்லை. இந்த மாத்திரைகளை வாங்கி அனுப்புவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் பதிவாகி 1995இல் செயலுக்கு வந்த அரசு நிறுவனம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டு, பொதுப்பெயர் மருந்துகளை வாங்கி, ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்தபின் கிடங்குகள் வழியே விநியோகிக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குள் தனக்குத் தேவையான மருந்தை அது எடுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. பாட்டியின் மாத்திரை விலை இறங்கியது அவர் பத்துக் கடை ஏறி இறங்கியதால் அல்ல. ஏழு கோடிப் பேருக்காக ஒரே கை பேரம் பேசியதால்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. எந்தத் தனியார் மருத்துவமனையும் எந்த அட்டைக்காகவும் இந்த வேலையைச் செய்யாது, ஏனென்றால் நோய் முற்றாமல் தடுப்பதில் யாருக்கும் பில் போட வழியில்லை. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து வீடு தேடிப்போய் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் இதே வகைதான். 2018-20 கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ஆரம்ப சுகாதார நிலையங்கள், செவிலியர்கள், 108 வண்டிகள் எல்லாம் சேர்ந்து காப்பாற்றிய உயிர்கள் அவை.

3. தேர்வுக்கு ஒன்பது மாத அவகாசம் கிடைத்த இடத்தில் என்ன நடந்தது?

மாரடைப்பு, விபத்து ஆகியவை அவசர நிலைகள், அவற்றை வைத்து வாதிடக் கூடாது என்று சொல்லலாம். சரி, பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். முன்கூட்டியே தெரிந்த தேதி. விசாரிக்க நேரம் உண்டு. அக்கம்பக்கத்தில் அனுபவப்பட்டவர்கள் உண்டு. தேர்வுக் கோட்பாடு வேலை செய்ய இதைவிட நல்ல களம் மருத்துவத்தில் இல்லை.

2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். தெலங்கானாவில் தனியாரில் 81.5. சிசேரியன் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 1985இல். சிக்கலான பிரசவங்களைத் தனியார் மருத்துவமனைகள் கடைசி நேரத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பிவிடுவது ஊரறிந்த வழக்கம். அப்படியிருந்தும் கத்தி அதிகம் எடுக்கப்படுவது தனியாரில்தான்.

"தாய்மார்களே கேட்கிறார்கள், நல்ல நேரம் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள்" என்பது வழக்கமான பதில். அப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றில் இரண்டு பேரா? "தண்ணி கம்மியா இருக்கு, கொடி சுத்தியிருக்கு, ரிஸ்க் எடுக்க வேண்டாம்" என்று பிரசவ அறையில் சொல்லும்போது எந்தக் குடும்பம் எதிர்த்து நிற்கும்? அரசு மருத்துவமனையின் 36ஐயும் நான் நியாயப்படுத்தவில்லை; அதுவும் அதிகம்தான். ஆனால் சம்பளம் வாங்கும் மருத்துவருக்குச் சுகப்பிரசவமும் சிசேரியனும் ஒரே வருமானம். அவர் தேவையில்லாமல் அறுத்தால் அதற்குக் காரணம் ஆள்பற்றாக்குறையும் பயமும். அவற்றைச் சரிசெய்ய முடியும். பில்லில் இருக்கிற வித்தியாசத்தைச் சரிசெய்ய, தேர்வை ஆதரிப்பவர்கள் வேண்டாம் என்கிற அதே கட்டுப்பாடுதான் தேவைப்படும்.

4. இங்கிலாந்தைக் காட்டுகிறவர்கள் முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் இங்கிலாந்து இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்தது. 1991இல் கொண்டுவந்த உள்சந்தை முறையில் மருத்துவமனைகள் விலையில் போட்டியிட்டன. போட்டி கடுமையாக இருந்த பகுதிகளில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு கூடியது என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. விலை கண்ணுக்குத் தெரிகிறது, தரம் தெரிவதில்லை. அதனால் விலையைக் குறைக்கத் தரத்தைக் குறைத்தார்கள். 2006க்குப் பிறகு நடந்தது இரண்டாவது சோதனை. அதில் விலையை அரசே நிர்ணயித்தது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஒரே தொகை, நோயாளி கையிலிருந்து ஒரு காசும் கூடாது. அப்போதுதான் போட்டி நிறைந்த பகுதிகளில் மாரடைப்பு இறப்பு வேகமாகக் குறைந்தது. துடித்துக்கொண்டிருப்பவர் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில்லையே, பின் தேர்வால் எப்படிக் குறையும் என்று அந்த ஆய்வையே கேள்வி கேட்டவர்கள் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆய்வு முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

சரி என்றால் அது யாருக்குச் சாதகம்? தேர்ந்தெடுக்கக் கிடைத்த மருத்துவமனைகளில் ஆகப்பெரும்பான்மை பொதுமருத்துவமனைகள். பணம் வரியிலிருந்து வந்தது. விலை அரசு போட்டது. தர விவரங்களை அரசு திரட்டி வெளியிட்டது. அரசுக் கட்டுப்பாடு இத்தனை ஆழமாக இருந்ததால்தான் தேர்வு அங்கே நன்மை செய்தது. இதை வைத்து அரசு விலக வேண்டும் என்று வாதிடுவது, சான்றைத் தலைகீழாகப் படிப்பது.

"இங்கேயும் காப்பீட்டுப் பேக்கேஜ் தொகையை அரசுதானே நிர்ணயிக்கிறது?" என்று கேட்கலாம். நிர்ணயிக்கிறது. ஆனால் காப்பீட்டு டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார்? "அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் கட்டிடுங்க." "இந்த டெஸ்ட் பேக்கேஜ்ல வராது." "அட்டைக்கான பெட் ஃபுல்." கட்டணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்த திட்டத்தில் நோயாளிகளிடம் பணம் வாங்கியதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவுசெய்திருக்கிறது. ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பயனாளிகளின் பதிவுகள் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணோடு இணைந்திருந்ததையும் அதே அறிக்கைதான் சொன்னது. எந்த மருத்துவமனையில் எந்த ஆபரேஷனுக்குப் பின் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று நோயாளி பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பட்டியல் இந்த நாட்டில் இருக்கிறதா? அது இல்லாமல் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வரவேற்பறையின் கிரானைட்டை வைத்தா?

5. மலையில் தேர்வு எப்படி இருக்கும்?

கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் பர்கூர் மலையிலும் அட்டை வைத்திருப்பவர்கள் எதை எதிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள்? பெரிய தனியார் மருத்துவமனைகள் சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் குவிந்திருக்கின்றன. வருமானம் இருக்கிற இடத்துக்குத்தான் அவை வரும். அதைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது. மலையில் ஒரு மருத்துவர் இருக்கிறார் என்றால், அரசு அவரை அங்கே அனுப்பியது, அவரும் போனார் என்பதால். கிராமப்புறத்தில் பணியாற்றுகிற அரசு மருத்துவருக்கு முதுநிலைப் படிப்பில் இடஒதுக்கீடு கொடுத்து ஆள் சேர்த்த மாநிலம் இது. அந்த உரிமைக்காகத் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போய் 2020 ஆகஸ்டில் வென்றார்கள்.

பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களுக்கு இது தெரியும். நஞ்சுமுறி மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும், ஜி.எச்.சில் இருக்கும். எப்போதோ ஒரு தடவை வரும் நோயாளிக்காக அதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருப்பது எந்த கிளினிக்குக்கும் நட்டம்.

6. பணம் இரண்டு பைகளில் இல்லை.

காப்பீட்டுக்குப் போகிற ஒவ்வொரு ரூபாயும் மருத்துவமனைக்குப் போகாத ரூபாய். தேசிய சுகாதாரக் கொள்கை 2017இல் வைத்த இலக்கு, 2025க்குள் அரசின் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவது. 2021-22இல், அதுவும் கொரோனா காலத்தில், எட்டியது 1.84. இவ்வளவு குறுகிய பையிலிருந்து எடுத்து அட்டைக்குக் கொடுத்தால், அரசு மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் பழுதாகி மாதக்கணக்கில் கிடக்கும். அது கிடந்தால் இன்னும் பலர் வெளியே போவார்கள். "மக்கள் வருவதே இல்லை" என்று சொல்லி அடுத்த பட்ஜெட்டில் இன்னும் வெட்டுவார்கள். மக்கள் காலால் வாக்களித்துவிட்டார்கள் என்று சொல்லும் அந்தப் புள்ளிவிவரம் இப்படியும் உருவாகிறது.

அதே 75ஆவது சுற்று ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரசவம் நீங்கலாக, ஒரு தடவை மருத்துவமனையில் சேர்ந்தால் அரசிடம் சராசரிச் செலவு 4,452 ரூபாய், தனியாரிடம் 31,845. "இவ்வளவு ஆகும்னா நான் ஜி.எச்.சுக்கே போயிடறேன்" என்று ஒரு நோயாளி சொல்ல முடிகிறதே, அந்த ஒரு வாக்கியம்தான் ஏழையின் கையில் இருக்கிற ஒரே பேரம். ஜி.எச்.சை எடுத்துவிட்டு எந்த அட்டையைக் கொடுத்தாலும் அந்த வாக்கியத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காப்பீடே கூடாது என்பது என் நிலைப்பாடு இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டில் சேர்ந்து அந்தத் தொகையைப் பெறுகின்றன. அதில் கருவிகள் வாங்குகின்றன. வலுவான அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் காப்பீடு நல்ல துணை. அதன் இடத்தில் வைத்தால் கேடு.

7. அவமானத்தை நான் மறைக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய். பிறந்தது ஆணா பெண்ணா என்று சொல்ல ஒரு தொகை. ஆண் என்றால் கூடுதல். பிரசவ வலியில் கத்தும் பெண்ணைத் திட்டுவது. பிணவறையில் துணி சுற்றவும் காசு. இவை நடக்கின்றன, இன்றும் நடக்கின்றன, இவற்றுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல எனக்கு மனமில்லை. இதை அனுபவித்த ஒருவர் "எனக்கு அட்டை கொடு, நான் வேறு இடம் பார்க்கிறேன்" என்றால் அவர் கோபம் முழுக்க நியாயம்.

ஆனால் அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய்த் தவறான வாசலில் இறக்குகிறார்கள். மத்தியப் பிரதேச ஆய்வு உண்மையில் என்ன சொல்கிறது? மருத்துவருக்குத் திறமை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் அதை அவர் முழுதாகக் காட்டுவதில்லை. அதே மருத்துவர் "சாயந்தரம் கிளினிக்குக்கு வாங்க" என்று சொல்லும்வரை அவர் காலையில் ஏன் காட்ட வேண்டும்? கிளினிக்குக்கும் அட்டைப் பணம் போகட்டும் என்பது, காலையில் காட்டாத அக்கறைக்குக் கொடுக்கிற பரிசு. அரசு மருத்துவரின் தனி கிளினிக்கை முடித்துவைப்பதும், அதற்கு ஈடாக நல்ல சம்பளம் கொடுப்பதும், மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யாதபடி ஆள் போடுவதும்தான் மருந்து. கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த ஒப்பந்தச் செவிலியர்களை 2022 டிசம்பர் 31உடன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வார்டில் கனிவு இல்லை என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

நோயாளிக்குத் தேர்வு வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளும் உரிமை இருக்கிறது. இதைவிட நேரடியான தேர்வு எது? ஆனால் படுத்திருக்கிற நோயாளியின் உறவினர் பாதி விலைக்கு வெளிக்கடையில் வாங்கி வந்த ஊசியை எத்தனை தனியார் மருத்துவமனைகள் ஏற்றுக்கொள்கின்றன? "எங்க ஃபார்மஸியிலதான் வாங்கணும்" என்பார்கள். இது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் கட்டாய உத்தரவு எதுவும் போடாமல், கொள்கை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. 2023இல் ராஜஸ்தான் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்து, முன்பணம் கேட்காமல் அவசரச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றபோது, தனியார் மருத்துவர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேர்வின் பெயரால் எழுதுகிற எத்தனை பேர் அப்போது நோயாளி பக்கம் நின்றார்கள்?

8. நடுவர் எங்கிருந்து வருவார்?

அரசு நடத்த வேண்டாம், கண்காணித்தால் போதும் என்பதுதான் அவர்களுடைய கடைசி அரண். அதற்குள்ளேயே முரண் இருக்கிறது. தன் ஊழியர்கள், தன் கட்டடம், தன் மருந்துக் கிடங்கு என்று எல்லாம் கையில் இருக்கும்போதே ஒரு மருத்துவமனையை ஒழுங்காக நடத்தத் தெரியாத அரசு, பல்லாயிரம் தனியார் மருத்துவமனைகளின் பில்களையும் ஆபரேஷன் குறிப்புகளையும் வெளியிலிருந்து சரிபார்த்துவிடும் என்கிறார்கள். நடத்துவதைவிடக் கண்காணிப்பது கடினமான வேலை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் வந்தது. அதற்கு விதிகள் வந்தது 2018இல். இருபத்தொரு ஆண்டு. கிளினிக்குகளைப் பதிவு செய்யும் விதிக்கே இவ்வளவு காலம் எடுத்த அரசுதான், மருத்துவமனைகள் முழுக்கத் தனியாரிடம் போனபின் அவற்றின் விலையையும் தரத்தையும் அடக்கி ஆளப்போகிறதாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் அறிவு சம்பந்தப்பட்டது. ஒரு டயாலிசிஸுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, ஒரு பைபாஸுக்கு எத்தனை நாள் படுக்கை போதும், இந்தப் பரிசோதனை அவசியமா என்பதெல்லாம் அரசுக்கு எப்படித் தெரியும்? தானே டயாலிசிஸ் செய்வதால், தானே பைபாஸ் செய்வதால், தன் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் இரவும் பகலும் அந்த நோயாளிகளைப் பார்ப்பதால். பேக்கேஜ் தொகை அதிகமா குறைவா என்று மேஜையில் உட்கார்ந்து பேச அரசுத் தரப்பில் ஆள் இருக்கிறார் என்றால், அவர் அந்த வார்டுகளிலிருந்து வந்தவர். வார்டுகளை மூடியபின் அந்த மேஜையின் இரு பக்கமும் ஒரே தரப்புதான் உட்கார்ந்திருக்கும். பத்து ஆண்டு கழித்து அவர்கள் தொகையை இரட்டிப்பாக்கு என்றால், இல்லாவிட்டால் அட்டையை ஏற்க மாட்டோம் என்றால், நோயாளியை எங்கே அனுப்புவது? அட்டைத் திட்டத்தை முன்மொழிகிற எவரும் இந்தக் கேள்விக்கு இதுவரை பதில் எழுதவில்லை.